நித்யாவுக்கு எந்த இதழ்?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்து நாளாகிறது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், அந்த ஓட்டத்தில் பதில் எழுத முடியவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சியிலிருந்து இட்லிக்கு ஏறியாயிற்று, சட்னியில் உப்பு போதவில்லை என்று குறை சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். அதனால் நீ கவலைப்பட்டு லீவு போட்டுக் கிளம்பி வர வேண்டாம்.

நித்யா சூப்பர்ஹீரோ சினிமாக்களைப் பார்த்துவிட்டுக் காமிக்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே ஒரு இதழை அவள் கையில் கொடுப்பதென்றால் எதைக் கொடுப்பது என்று கேட்டாய். கேட்ட கையோடு நீயே பதிலும் சொல்லிவிட்டாய்: ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ தொடரின் 121ஆம் இதழ். இல்லை முரளி, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

121 பெரிய இதழ்தான். 1973இல் ஜெர்ரி கான்வே எழுதி கில் கேன் வரைந்தது. பாலத்தின் உச்சியிலிருந்து ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி விழுகிறாள். ஸ்பைடர்மேன் வலையை வீசி அவள் காலைப் பிடித்துவிடுகிறான். அவள் கழுத்தருகே ‘ஸ்னாப்’ என்று பொடி எழுத்தில் ஒரு சத்தம். பிடித்ததே அவளைக் கொன்றுவிட்டது. கதாநாயகன் எப்படியும் காப்பாற்றிவிடுவான் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது இடி. ஆனால் க்வெனோடு இதழ் இதழாகப் பழகியவர்களுக்குத்தான் அந்தப் பொடி எழுத்து வலிக்கும். நித்யாவுக்கு அது யாரோ ஒரு பெண் இறந்த செய்தி. தவிர, 122ஐப் படிக்காமல் அதை மூடி வைக்கவும் முடியாது.

நமக்குத் தனி இதழ்கள் மேல் ஏன் இவ்வளவு பிரியம் என்று யோசித்துப் பார்த்தேன். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி முழுக்கதையாக வருவார், ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுவோம். அமெரிக்க இதழ்கள் திருவல்லிக்கேணி நடைபாதைப் பழைய புத்தகக் குவியலில் எது அகப்படுகிறதோ அதுதான். கடைசிக் கட்டத்தில் ‘தொடரும்’ என்று போட்டிருந்தால் நமக்கு அதோடு கதை முடிந்தது. அடுத்த இதழ் கைக்கு வரவே வராது. அதனால்தான், இருபது பக்கத்துக்குள் ஒரு மனிதனை முழுசாகக் காட்டிவிடும் இதழ் கிடைத்தால் அதை அட்டை கிழியக் கிழியப் படித்தோம். இன்றும் நான் அந்தப் பழக்கத்தோடுதான் படிக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே அதே தொடரின் 33ஆம் இதழ். 1966 பிப்ரவரி தேதியிட்டது. ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்தது. மூன்று இதழ்க் கதையின் கடைசிப் பகுதிதானே அது என்று நீ மடக்குவாய். இருக்கட்டும். முன்கதை தெரியாதவனுக்கும் தேவையானதெல்லாம் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. தண்ணீருக்கு அடியில் வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் ரகசியக் கூடம். ராட்சத இயந்திரம் ஒன்று ஸ்பைடர்மேன் மேல் விழுந்து கிடக்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. கை எட்டாத தூரத்தில், தரையில், அவனை வளர்த்த மே ஆன்ட்டியைப் பிழைக்கவைக்கும் மருந்து. அவளுக்கு வந்த நோயே பீட்டர், அதாவது முகமூடி இல்லாத ஸ்பைடர்மேன், முன்பொருமுறை கொடுத்த ரத்தத்தால் வந்தது. அவன் ரத்தத்தில் கலந்திருந்த கதிரியக்கம் அவள் உடம்புக்குள் போய்விட்டது. பாசத்தில் கொடுத்தது விஷமாகிவிட்டது.

அந்த முதல் ஐந்து பக்கங்களை இன்னொருமுறை எடுத்துப் பார். ஒருதரம் முயல்கிறான், அசைக்க முடியவில்லை. இறந்துபோன பென் அங்கிளின் முகமும் மே ஆன்ட்டியின் முகமும் நினைவில் எழுகின்றன. ஒருவரைத் தவறவிட்டாயிற்று, இவளையும் விடுவதா? கட்டங்கள் போகப்போகப் பெரிதாகின்றன. முகமூடிக்குள் இருப்பவனின் கண்ணும் நமக்குத் தெரியாது, வாயும் தெரியாது. வலி அத்தனையையும் தோளிலும் விரல்களிலும் முதுகு வளைவிலும்தான் காட்டியாக வேண்டும். டிட்கோ காட்டிவிடுகிறார். ஐந்தாவது பக்கம் முழுக்க ஒரே கட்டம். தண்ணீர் கொட்டுகிறது, இயந்திரம் மேலே எழுகிறது, அவன் விடுபட்டுவிட்டான். லீயும் டிட்கோவும் அந்தக் காலத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களாம். கதையமைப்பும் படமும் டிட்கோ, வசனம் லீ. 38ஆம் இதழோடு டிட்கோ விலகியும் விட்டார். அப்படிப்பட்ட இரண்டு பேரிடமிருந்து இப்படி ஒன்று வந்திருக்கிறது.

இந்த இதழைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதும் அதே அளவுக்கு முக்கியம். நிற்கவே தெம்பில்லாதவனை அடியாட்கள் சூழ்ந்துகொண்டு அடிக்கிறார்கள். தப்பி, மருந்தை விஞ்ஞானி டாக்டர் கானர்ஸிடம் கொண்டுபோனால், அது சரிப்படுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்தால், பலன் தெரியக் கொஞ்ச நேரமாகும் என்கிறார்கள். அந்த இடைவெளியில், அடிபட்ட முகத்தோடு, போட்டோக்களை விற்கப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போகிறான். அவ்வளவு பாரத்தைத் தூக்கியவனும் டாக்டர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குக் காத்துக்கிடக்கத்தான் வேண்டியிருக்கிறது. அம்மா ஐசியுவில் இருந்த ராத்திரி எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. மருந்துக் கடைக்கும் மாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. நர்ஸ் கையில் மருந்தைக் கொடுத்துவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது.

இவ்வளவு சொன்னாலும் நித்யாவுக்கு நான் கொடுக்கச் சொல்வது 33 இல்லை. 248. 1984 ஜனவரி.

அந்த இதழின் முன்பகுதி வழக்கமான சண்டைக் கதை, அவள் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகலாம். பின்னால் பதினோரு பக்கத்தில் இன்னொரு கதை இருக்கிறது. ரோஜர் ஸ்டெர்ன் எழுத, ரான் ஃப்ரென்ஸ் வரைந்தது, மை தீட்டியவர் டெர்ரி ஆஸ்டின். டிம் ஹாரிசன் என்ற சிறுவன் ஸ்பைடர்மேன் பற்றிய செய்தி நறுக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறான். ஒருநாள் ராத்திரி ஸ்பைடர்மேனே ஜன்னல் வழியாக உள்ளே வருகிறான். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். நடுநடுவே, அந்தப் பையனைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் எழுதிய பத்தி வருகிறது. வில்லன் இல்லை, அடிதடி இல்லை. தனக்கு எப்படிச் சக்தி வந்தது, பென் அங்கிள் எப்படிச் செத்தார், அதில் தன் தவறு என்ன என்று எல்லாவற்றையும் அந்தப் பையனிடம் சொல்கிறான். புதிதாகப் படிக்கிறவளுக்கு முன்கதை சொல்ல இதைவிட நல்ல வழி உண்டா? கடைசியில் பையன், நீ யார் என்று கேட்கிறான். ஸ்பைடர்மேன் கொஞ்சம் தயங்கிவிட்டு முகமூடியைக் கழற்றுகிறான். எத்தனையோ பேருக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம்! ஏன் இவனிடம் மட்டும் சொல்கிறான் என்பது கடைசிக் கட்டத்தில் அந்தக் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகுதான் நமக்குப் புரிகிறது. அது என்ன பலகை என்று உனக்குத் தெரியும். அவளிடம் சொல்லித் தொலைத்துவிடாதே.

அந்தப் பையனை ஸ்பைடர்மேனால் காப்பாற்ற முடியாது. வலையோ வேகமோ அந்த அறைக்குள் எதற்கும் உதவாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதற்கு உண்மையைச் சொல்லலாம், போகும்போது கட்டிப்பிடிக்கலாம், அவ்வளவுதான். அதைச் செய்கிறான். என் மனதில் தங்கிய இதழ்கள் பலவும் இப்படித்தான், சக்தி செல்லாத இடத்தில் கதாநாயகன் என்ன செய்கிறான் என்று காட்டுகிறவை. ‘ஆல் ஸ்டார் சூப்பர்மேன்’ 10ஆம் இதழில் சூப்பர்மேனே சாகப்போகிறான், தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவில் கட்டட விளிம்பில் நிற்கும் ஒரு பெண்ணின் பின்னால் வந்து இறங்குகிறான். உன் டாக்டர் வர நேரமானது நிஜம்தான், நீ நினைப்பதைவிட நீ உறுதியானவள் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறான். மொத்தமே ஒரு பக்கம்தான். கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்தது. ‘ஹாக்ஐ’ 19ஐயும் சொல்ல வேண்டும். காது கேட்காமல் போன கதாநாயகன் கிளின்ட்டுக்கு எதிரே பேசுகிறவர்களின் வசன பலூன்கள் காலியாகவே வரும், சைகை மொழியைக் கையசைவுப் படங்களாகவே போட்டிருப்பார்கள், அர்த்தம் தர மாட்டார்கள். உன் அப்பாவுக்குக் காது மந்தமான பிறகு வீட்டில் எல்லோரும் அவரை விட்டுவிட்டுப் பேசுகிறோம் என்று வருத்தப்பட்டாயே, நீ அதைக் கட்டாயம் படி.

248 வந்திருக்கும் தொகுப்பு என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். நித்யா படித்துவிட்டு அவளே எனக்கு எழுதட்டும், பிடிக்கவில்லை என்றாலும் சரி, ஏன் பிடிக்கவில்லை என்று விவரமாக எழுதச் சொல். 121க்காக நீ வாதாடுவதென்றால் தனிக் கடிதம் போடு, பதிலுக்கு நான் தயார். அப்புறம், மாடியில் அறை கட்டும் வேலை எந்த மட்டில் இருக்கிறது? புத்தகங்களுக்கு அலமாரி அடிப்பதாக இருந்தால் வெளிச்சுவரை ஒட்டி அடிக்காதே, மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிடும்.

அன்புடன்,
சேகர்