ஒப்பந்த முறையைத் தேர்வு செய்யும் முன் இடரைக் கணக்கிட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நெடுஞ்சாலைப் பணிகளில் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் தாமதமும் செலவேற்றமும் தீரும், இடர் முழுவதும் ஒப்பந்ததாரருடையது ஆகிவிடும் என்ற தொனியில் உங்கள் தலையங்கம் இருந்தது. வேகம் கிடைக்கும் என்பது சரி. இடர் பற்றிச் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை.

காகிதத்தில் எழுதிவிட்டால் இடர் கைமாறிவிடாது. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரின் புறவழிச்சாலை சுமார் 58 கி.மீ. நீளம். வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் சேர்த்தே மூன்று நிறுவனங்கள் கூட்டாக எடுத்த வேலை அது. 2018 ஜனவரியில் அவற்றில் ஒன்றான கரில்லியன் திவாலானது. அதன் பங்கு மற்ற இரண்டின் தலையில் விழுந்தது. இரண்டும் பெருத்த நஷ்டம் காட்டின. சாலை முழுமையாகத் திறக்க 2019 பிப்ரவரி ஆயிற்று. அதோடும் முடியவில்லை. நிறுவனங்கள் கூடுதல் பணம் கேட்க, அரசுத் தரப்பும் ஒரு தொகை கொடுத்தே கணக்கை முடித்தது.

இதே முறை பலித்த இடமும் உண்டு. 2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் சேர்த்தே டெண்டர் விட்டு, 2008 செப்டம்பர் 18 அன்று புதுப் பாலத்தைத் திறந்தார்கள். வேலை கிடைத்தது, அதிக விலை கேட்டிருந்த நிறுவனத்துக்கு! தொழில்நுட்பத் தரத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் அப்படி. (கேட்டவுடனே யாருக்கும் சந்தேகம் வரும். அங்கும் வழக்குப் போட்டார்கள். தேர்வு செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.) ஆனால் அங்கே பழைய பாலம் நின்ற தடமே கையில் இருந்தது. மத்திய அரசின் நிதி சில நாட்களில் ஒப்புதலானது. பாலம் தேவையா என்று கேட்க ஆளே இல்லை.

இவற்றில் ஒன்றுகூட உறுதியாகாத புதுத் தடத்தில் அதே முறையைக் கொண்டுபோய் வைத்தால் கதை வேறு. வடிவமைப்பில் பெரும்பகுதி பாக்கியிருக்கும்போதே விலை கேட்கிறோம். கீழே பாறையா சதுப்பா என்று தெரியாத ஒப்பந்ததாரர் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவார். அல்லது குறைத்துப் போட்டு வேலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு கூடுதல் பணம் கேட்டு ஒவ்வொன்றாகக் கிளைம் அனுப்புவார். இரண்டிலும் பணம் கொடுப்பது நாம்தான். நிலம் கையகப்படுத்துதல், குடிநீர்க் குழாய்களையும் மின்கம்பங்களையும் இடம் மாற்றுதல், சுற்றுச்சூழல் அனுமதி ஆகியவை அரசால்தான் ஆகிற காரியங்கள். அவற்றை ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிடுவதைத் திறமை என்று சொல்ல மாட்டேன்.

கட்டணச் சாலை என்றால் எத்தனை வண்டி வரும் என்ற இடரும் சேர்ந்துகொள்ளும். சிட்னியின் கிராஸ் சிட்டி சுரங்கச்சாலை 2005இல் திறந்தது. எதிர்பார்த்த வண்டிகள் வராமல் அடுத்த ஆண்டே கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது.

மண்ணைப் பற்றி நிச்சயமில்லாத இடத்தில், வடிவமைக்கும்போதே கட்டுமான நிறுவனத்தை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டு, விவரம் தெளிந்த பிறகு விலை பேசும் முறை எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. விலைப் போட்டி குறையும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் வெளியாள் ஒருவரைக் கொண்டு தனி மதிப்பீடும் போடுகிறார்கள். எல்லாம் தெளிவாக இருக்கிற சாதாரண அகலப்படுத்தும் வேலைக்குப் பழைய முறையே போதும்: வரைபடத்தை முடி, டெண்டர் விடு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் போக்குவரத்துத் துறை 2002 முதல் பெரிய திட்டங்களின் இடர்களைப் பட்டியலிட்டு, செலவை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் ஒரு வரம்பாக மதிப்பிட்டு வருகிறது. அந்தப் பட்டியல் முதலில் வர வேண்டும், முறை பிறகு. பல இடங்களில் திறப்பு விழாத் தேதிதான் முதலில் முடிவாகிறது.

அடுத்த முறை ஒப்பந்தத் தொகையைத் தலைப்பில் போடும்போது, மண் பரிசோதனை எவ்வளவு முடிந்திருக்கிறது, நிலம் எவ்வளவு கைக்கு வந்திருக்கிறது என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்