இன்னும் 89 நாள் பங்கு வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

உறுப்பினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். வெளிநாட்டுச் சிறை ஒன்றில் தவறாக அடைபட்டுக் கிடக்கும் 11 பேருக்கு உதவ நம் தன்னார்வலர்கள் மூவர் நவம்பர் 10 அன்று புறப்படுகிறார்கள். எந்த நாடு என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தொல்லை. ஒருவர் ஒரு நாள் அங்கே தங்கி வேலை பார்க்க ஆகும் செலவை, பயணம், விசா, காப்பீடு எல்லாம் சேர்த்து, ஒரு ‘நாள் பங்கு’ என்று வைத்திருக்கிறோம். மூவர், 90 நாள்: தேவை 270 பங்கு. வந்தது 181. குறைவது 89. கையில் இருப்பதைக் கொண்டு மூவரும் 60 நாள் ஓட்டலாம். விசாரணையோ 74-வது நாள்.

“அங்கே வக்கீல் இல்லையா, இவர்கள் போய் என்ன செய்யப்போகிறார்கள்?” என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வாதாடுவது அந்நாட்டு வக்கீலின் வேலை. போலீஸ் பதிவைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்ப்பது, தேதிகளைச் சரிபார்ப்பது, நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது நம் ஆட்களின் வேலை. கைதான வெளிநாட்டவரிடம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை உண்டு என்பதைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இந்த 11 பேரில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. நியாயமற்ற தடுப்புக்காவலை விசாரிக்க ஐ.நா.வில் 1991 முதல் ஒரு பணிக்குழு இருக்கிறது. அதற்கு மனு அனுப்பலாம். ஆனால் எப்போது, எங்கே, யார் பிடித்தது என்ற விவரத்தை யாராவது போய்த் திரட்ட வேண்டுமே.

போன தடவை நடந்தது ஒன்று. ஒருவர் தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்து கோட்டை விட்டு மேலேறி, அச்செழுத்தின் மேலேயே ஓடியிருந்தது. கண்ணாடியை முதல் நாளே பிடுங்கிவிட்டார்களாம். நம் தன்னார்வலர் அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். குற்றம் நடந்ததாக எழுதியிருந்த நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் அவர் அந்த நாட்டில் காலே வைத்திருக்கிறார்! முத்திரை தெளிவாக இருந்தது. 14 மாதமாக அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இந்தக் குழு 38 வருஷத்துக்கு முன்பு ஐந்து பேரும் ஒரு தட்டச்சுப்பொறியுமாகத் தொடங்கியது. ஒரு கடிதத்துக்குப் பதில் வர நாலு மாதம் ஆகும். வராமலும் போகும். பதில் வராத ஒரே சிறைக்கு மாதம் தவறாமல் 31 கடிதம் போட்டார்கள். 32-வதுக்குப் பதிலாக, விடுதலையான ஆளே எழுதினார். அந்தக் கார்பன் நகல்கள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. ஐவரில் இருவர் இப்போது இல்லை. மற்றவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கதையைச் சொல்வார்கள், சற்று நீளமாகவே. சொல்லட்டும், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

இதுவரை கொடுத்த 46 பேருக்கும் கைகூப்பி நன்றி. தன் ஓய்வூதியத்திலிருந்து 12 பங்கு தந்த ஆசிரியை, பெயர் வேண்டாம் என்று உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனவர், திருமணச் செலவைக் குறைத்து 20 பங்கு கொடுத்த இளம் தம்பதி, போன முறை விடுதலையாகி வந்து முதல் சம்பளத்தில் ஒரு பங்கு அனுப்பியவர்: உங்களுக்கெல்லாம் இறைவன் குறைவைக்க மாட்டான்.

அப்புறம், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். இந்தப் பயணத்தை ஆதரித்துக் கூட்டத்தில் கைதூக்கியவர்கள் 83 பேர். கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு உண்மையிலேயே முடியாது, தெரியும். அரைப் பங்கு, கால் பங்கு என்றாலும் வாங்கிக்கொள்கிறோம். மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் இங்கிருந்தே 10 பக்கம் செய்து தந்தால் அதை ஒரு பங்காகவே எழுதிக்கொள்வோம்.

அக்டோபர் 25 மாலை பொருளாளர் கணக்கை முடிக்கிறார். மறுநாள் டிக்கெட் எடுக்க வேண்டும். திரும்பும் தேதியை மட்டும் இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
குழுவினர்