உழவு இயந்திரச் சாரதியின் இருக்கை குறித்து வன்னிக் கமக்கார அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

பெரும்போக நெற்செய்கையான காலபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் விதைப்புத் திகதி, கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதி, வாய்க்கால் துப்புரவு எல்லாம் தீர்மானிக்கப்படுகின்றன. உழவைச் செய்பவனின் உடம்பைப் பற்றி அங்கே எவரும் பேசியதை, 19 வருடங்கள் உழவு இயந்திரம் ஓட்டிய நான் கேட்டதில்லை.

மழைக்கு முன், புழுதி விதைப்புக்காகக் காய்ந்து இறுகிய கட்டிகளின் மேல் உழும்போது, இருக்கை செக்கனுக்குப் பல தடவை மேலும் கீழும் அடிக்கும். மனித முள்ளந்தண்டு மிக அதிகமாகக் குலுங்குவது செக்கனுக்கு 4 முதல் 6 தடவை வரையான அசைவுக்கே. உழவு இயந்திரம் தரும் குலுக்கத்தின் பெரும்பகுதியும் அதை ஒட்டியே அமைகிறது. போதாததற்கு, கலப்பை சரியாக இறங்குகிறதா என்று பார்க்க ஒரு கை சுக்கானிலும் மறு கை பின் மட்காட்டிலுமாக உடம்பை முறுக்கியபடியே பொழுது போகும். நான் ஓட்டிய இயந்திரத்தில் இருக்கைச் சுருள் உடைந்திருந்ததால், சைக்கிள் ரியூப்பால் கட்டி, வைக்கோல் அடைத்த யூரியாப் பையைப் போட்டு அமர்ந்தேன். அன்று அது பகிடி. இன்று சம்மணமிட்டுச் சாப்பிட நாரி விடுவதில்லை.

லாண்ட்மாஸ்டர் எனும் இரு சக்கரக் கை உழவு இயந்திரம் பிடிப்பவர்களின் விரல் விறைப்பு வேறு கதை. சட்டைப் பொத்தான் பூட்டத் திணறுபவர்களைக் கண்டிருக்கிறேன். இரைச்சலுக்கும் கணக்குண்டு: 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்றால், 91 டெசிபலில் 2 மணி நேரம்தான். சைலன்சர் ஓட்டையான பழைய இயந்திரத்துக்கு அந்த அளவு பெரிதல்ல.

கூலி ஏக்கர்க் கணக்கில் கிடைப்பதாலும், எல்லோரும் ஒரே கிழமையில் உழவு கேட்பதாலும், சாரதி இரவிலும் இறங்குவதில்லை. ஆகவே உழவுக்கு ஒவ்வொரு வயற்கண்டத்துக்கும் தனித்தனியாக நாள் ஒதுக்குங்கள். காதுக்கவசம் இல்லாமல் எவரையும் ஓட்ட விடாதீர்கள். இருக்கை பழுதான இயந்திரத்தை வயலில் இறக்கக்கூடாது என்றும் தீர்மானியுங்கள். உங்கள் அங்கத்தவர்களிலேயே இயந்திர உரிமையாளர்கள் இருப்பதால் இது சிலருக்குக் கசக்கும் என்பதை அறிவேன். ஆனால் பல இருக்கைகளின் கீழே, சாரதியின் நிறைக்கேற்ப இறுக்கித் தளர்த்தும் திருகுபிடி துருவேறிக் கிடக்கிறது; அதை இளக்கக் கொஞ்சம் கிறீசும் அரை மணி நேரமும் போதும்.

அடுத்த கூட்டத்தில் இதற்கு இடம் தருவீர்களாயின், ஓர் இருக்கையைக் கழற்றிக் கொண்டுவந்து காட்ட ஆயத்தமாக இருக்கிறேன்.

இவ்வண்ணம்,
முன்னாள் சாரதி ஒருவன்,
கிளிநொச்சி.