நண்பனுக்கு: அண்ணன் மகளைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் மகள் மறைந்த செய்தி உனக்கு இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அந்த நாள்களில் யாருக்குச் சொன்னோம், யாரை விட்டோம் என்பது எங்களில் எவருக்கும் நினைவில்லை. கடிதம் முழுவதும் அவளைக் குழந்தை என்றே எழுதியிருக்கிறாய். ஏழு வயதுச் சிறுமியாகத்தான் அவளைக் கடைசியாக நேரில் பார்த்தாய் என்பதால் உன் மனத்தில் அப்படியே நிற்கிறாள். ஆனால் இறந்தபோது அவளுக்கு 29 வயது. தன் சம்பாத்தியத்தில் வாழ்ந்துகொண்டு, என்னோடு சரிக்குச் சரி வாதாடிய பெண் அவள். நீ பாராத அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தலசீமியா என்ற பெயரை நீ அப்போதே கேட்டிருப்பாய். இரத்தத்தின் ஹீமோகுளோபினை உடலால் போதிய அளவு உண்டாக்க முடியாத மரபுவழி நோய் அது. தாய், தந்தை இருவரும் எந்தத் தொல்லையும் இல்லாமல் அந்த மரபணுக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அண்ணனுக்கும் அண்ணிக்கும் இது தெரிந்ததே அவள் பிறந்த பிறகுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுவதையே நோயின் முழுத் துன்பம் என்று வெளியாட்கள் எண்ணினார்கள். உண்மையான தொல்லை அந்த இரத்தத்தோடு வரும் இரும்பு. ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது; மிகுந்துபோன இரும்பை வெளியேற்ற மனித உடலுக்கு வழியே கிடையாது. வளர்ந்த ஒருவரின் உடலில் இயல்பாக இருப்பது மொத்தம் 3 அல்லது 4 கிராம்தான். முறைக்கு இரண்டு பை என்று வைத்துக்கொண்டால், அரை ஆண்டிலேயே அவ்வளவு இரும்பு புதிதாகச் சேர்ந்துவிடும். அது கல்லீரலில் படியும், நாளமில்லாச் சுரப்பிகளில் படியும், போகப்போக இதயத்திலும் படியும். பள்ளியில் பின்னக் கணக்குப் படித்துக்கொண்டிருந்த வயதிலேயே ஒரு தாளில் இதையெல்லாம் எனக்குக் கூட்டிக் காட்டியவள் அவள்தான்.

அந்த இரும்பை இறக்க, அவளுடைய சிறு வயதில் டெஃபராக்சமின் என்ற மருந்தே முதன்மையான வழியாக இருந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைக் குத்தி, சிறிய பம்பு ஒன்றின் மூலம் இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும். வாரத்தில் ஐந்து இரவுகளாவது. பிறகு தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்கும் டெஃபராசிராக்ஸ் மாத்திரை வந்தது. இனி எல்லாம் எளிதாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் பதினேழு வயதில் யாரிடமும் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஊசி வலித்த காலத்தில் வராத வெறுப்பு, வலியே இல்லாத மருந்தின்மேல் ஏன் வந்தது என்று அண்ணனுக்கு விளங்கவே இல்லை. எனக்கு ஓரளவு விளங்கியது. பிறந்தது முதல் எல்லா முடிவுகளையும் பிறர் எடுத்த ஒரு பெண், தானே எடுக்கக்கூடிய ஒரே முடிவை எடுத்துப் பார்த்தாள்.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு இதயத்தில் படிந்த இரும்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை நடந்தது. அதில் சமிக்ஞை மங்கும் நேரத்தைக் குறிக்கும் எண் 20 மில்லி நொடிக்குக் குறைவாக வந்தால் இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அவளுடைய எண் அதற்கு நன்றாகவே கீழே இருந்தது. யாரும் அறிவுரை சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பழைய பம்பைத் தானே எடுத்துத் துடைத்து வைத்தாள். அதோடு இரும்பை இறக்கும் டெஃபரிப்ரோன் மாத்திரையும் சேர்ந்தது. அது வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேறு. அன்றிலிருந்து கடைசிவரை ஒரு வேளை மருந்தைக்கூட அவள் தவறவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பதினெட்டு வயதானதும் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். அவளுடைய கைநரம்புகளை வழிதவறாமல் அறிந்திருந்த செவிலியர்கள் பழைய பிரிவிலேயே நின்றுவிட்டார்கள். நோயினால் வளர்ச்சி குன்றியிருந்ததால் பள்ளி மாணவிபோலவே தோன்றுவாள். மருத்துவர்கள் அவளைத் தாண்டி அண்ணனிடமே பேசுவார்கள். "நோயாளி நான்தான், என்னிடம் சொல்லுங்கள்" என்று அவள் சொன்ன தொனி அவ்வளவு இனிமையாக இருக்கவில்லை. பொறுமைசாலி, புன்னகை மாறாதவள் என்றெல்லாம் இப்போது பேசிக்கொள்கிறார்கள். நண்பா, அவள் கோபக்காரி. தன்னைப் பிறருக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது.

கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். இதை உனக்கும் எழுதியிருப்பாள். சேர்ந்த கையோடு முதுமைக்கான ஓய்வூதியத் திட்டம் ஒன்றில் மாதந்தோறும் பணம் கட்டத் தொடங்கினாள். என் முகம் போன போக்கை அவள் கவனித்திருக்க வேண்டும். முன்பு இந்த நோயுடையவர்கள் இருபது வயதைத் தாண்டுவதே அரிது, இப்போது ஒழுங்காக மருந்து எடுப்பவர்கள் ஐம்பதையும் கடக்கிறார்கள், அவர்களில் ஒருத்தியாக நான் இருந்துவிட்டால் அப்போது நீங்களா சோறு போடுவீர்கள் என்று கேட்டாள். என்னிடம் மறுமொழி இல்லை. அவளைப் பற்றி எதை மறந்தாலும் இதை நான் மறக்கமாட்டேன்.

முடிவைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியது. மருத்துவமனையில் சேர்த்த சில நாள்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் இன்னமும் அந்தப் பதினேழாம் வயதையே பிடித்துக்கொண்டு தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்கிறார். அது சரியன்று என்பது என் எண்ணம். இதயத்தில் படிந்ததில் எந்த ஆண்டின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஆண்டுக்குப் பிறகு அவள் கட்டியெழுப்பிய வாழ்க்கை மட்டும் கண்முன்னே இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அண்ணனிடம் இருப்பவை பெரும்பாலும் மருத்துவமனைத் தாள்கள்தான். வேலையைப் பற்றியும் படித்த நூல்களைப் பற்றியும் அவள் உனக்கு எழுதிய கடிதங்கள் இருந்தால் படியெடுத்து அவருக்கு அனுப்பு. உன்னைத் திட்டி எழுதியவை இருந்தால் அவற்றையும் நீக்காமல் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்