கவுண்டரில் நிற்பவருக்கு ஒரு கேள்வி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கும் தொழிலில் வேறென்ன மிஞ்சும்?

புகைப்பவர்கள் பழக்கத்தை விட உதவுவது எப்படி என்று மருந்துக்கடை ஊழியர்களுக்குப் பயிற்சி தரப் போகிறாய், என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் அந்தக் கருத்துப்போன நுரையீரல் படங்களைத் தூக்கிப் போடு. சிகரெட் கெடுதல் என்பது வாங்க வருபவருக்கும் தெரியும், கவுண்டரில் நிற்பவருக்கும் தெரியும். பேச்சை எப்படி எடுப்பது என்பதுதான் தெரியாது. "நமக்கெதுக்கு வம்பு, கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டால்?" என்ற பயம். பயிற்சியில் பாதி நேரம் இந்தப் பயத்துக்கே போகட்டும்.

நான் இரண்டிரண்டு பேராக நிற்க வைத்து நடிக்கச் சொல்வேன். ஒருவர் இருமல் மருந்து கேட்டு வருகிறார். மற்றவர் கேட்க வேண்டியது, "சிகரெட் பழக்கம் உண்டுங்களா?" ஆமென்றால், "மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தா விடுறது சுலபம், நாங்க உதவுறோம்." அரை நிமிடத்தில் முடிந்துவிடும். "இப்ப வேண்டாம்" என்றால் "சரிங்க, எப்ப தோணுதோ அப்ப வாங்க" என்று மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். இந்தக் கடைசி வரியில்தான் எல்லோரும் திணறுவார்கள், பார். உபதேசம் செய்யாமல் ஒருவரை அனுப்பிவைப்பது நம் ஆட்களுக்கு அவ்வளவு கஷ்டம்! ஒருமுறை வாடிக்கையாளராக நடித்த பெரியவர், "அதைக் கேக்க நீ யாரும்மா?" என்று நிஜமாகவே சீறிவிட்டார். எதிரே நின்ற சின்னப் பெண் கொஞ்சம் யோசித்து, "இருமல்னு சொன்னீங்களே, அதான் கேட்டேன்" என்றாள். அவருக்கு மேலே பேச்சு வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

விட விரும்புகிறவரிடம், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்கப் பழக்கு. பழக்கம் எவ்வளவு ஆழம் என்பதை, ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட இது அதிகம் சொல்லும். 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. நிக்கோடின் சூயிங்கம், அதற்குப் பிறகென்றால் 2 மி.கி. சிகரெட்டில் உள்ள நிக்கோடினையே புகையில்லாமல் கொஞ்சமாகத் தந்து ஏக்கத்தைத் தணிக்கும் மருந்து இது.

அந்தச் சூயிங்கத்தை மெல்லும் விதத்தைச் செய்து காட்டியே ஆக வேண்டும். சாதாரண சூயிங்கத்தை ஆளுக்கொன்று கொடு. மெதுவாக மென்று, நாக்கில் காரமாகச் சுர்ரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். அந்தச் சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாக இரத்தத்தில் சேர வேண்டும். சும்மா மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். அப்புறம் "இந்த மருந்து வேலைக்காகாது" என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். காபி, பழச்சாறு போன்ற புளிப்புத்தன்மை உள்ளவை நிக்கோடின் சேர்வதைக் குறைக்கும். அதனால் மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே அவை வேண்டாம். நிக்கோடின் பேட்ச் (தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை) ஒட்டியவர் சூயிங்கமும் எடுக்கலாமா என்று ஊழியர்கள் பயப்படுவார்கள். எடுக்கலாம். பேட்ச் நாள் முழுக்க மெதுவாக நிக்கோடினைக் கொடுக்கும், திடீரென்று எழும் ஏக்கத்தைச் சூயிங்கம் சமாளிக்கும். ஒன்றை மட்டும் எடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நிக்கோடின் மருந்துகளோடு, நிக்கோடின் இல்லாத மாத்திரைகளான வேரெனிக்லின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகியவற்றையும் பரிந்துரைக்கிறது. ஊழியர்களுக்குப் பெயர் தெரிந்தால் போதும், மற்றது டாக்டர் பாடு.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. மனநோய்க்கான குளோசபின், ஓலான்சபின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் ஆகியவற்றில் ஒன்றை எடுப்பவர் சிகரெட்டை நிறுத்தினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும். புகையில் உள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு இந்த மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துக்கொண்டிருக்கும். புகை நின்றதும் அந்த வேகமும் போய்விடும். இதைச் செய்வது நிக்கோடின் அல்ல, அதனால் பேட்ச் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்து, "இவர் சிகரெட்டை விடப் போகிறார்" என்று முன்கூட்டியே டாக்டருக்குச் சொல்லக்கூடிய இடம் மருந்துக்கடைதான். தூங்கி வழிகிற பார்மசிஸ்ட்கள்கூட இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படிவம், பதிவேடு எல்லாம் உனக்குத் தெரிந்ததே. முதல் வாரத்தில் ஒரு போன் மட்டும் கட்டாயம் போடச் சொல், ஏக்கம் மோசமாக இருப்பது அப்போதுதான். மறுபடி பற்றவைத்துவிட்டேன் என்று வந்து நிற்பவரைத் திட்டக்கூடாது. பலமுறை முயன்றுதான் பலர் விடுகிறார்கள்.

உன் ஊழியர்களிலும் புகைப்பவர் ஒருவர் இருக்கலாம். அவரை ஒதுக்கிவிடாதே. வாடிக்கையாளராக நடிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது, எல்லாச் சாக்கும் அவருக்கு அத்துப்படி.

எந்த வாரம் ஆரம்பிக்கிறாய் என்று எழுது. நான் வைத்திருக்கும் கேள்வித்தாளை அனுப்பி வைக்கிறேன், உனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்