மைலேஜ் எந்தத் தேதியிலிருந்து குறைந்தது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் ஒர்க்‌ஷாப்பில் இப்போது அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "அண்ணாச்சி, 18 கொடுத்த வண்டி திடீர்னு 13தான் கொடுக்கு. பிளக்கை மாத்திப் பாருங்க, சென்சார் போயிருக்கும்னு சொல்லுதாங்க." இந்த மாதத்திலிருந்து இப்படி வருகிற வண்டியை நாங்கள் உடனே திறக்கப்போவதில்லை. முதலில் கேள்வி, அப்புறம் அளவு, அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். ஏன் இந்த மாற்றம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

போன வருடம் பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வேகன்ஆரைக் கொண்டுவந்தார். 17, 18 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 14க்கு இறங்கிவிட்டது. நாங்கள் பிளக் மாற்றினோம், இன்ஜெக்டர் கழுவினோம், த்ராட்டில் பாடி சுத்தம் செய்தோம். 3,400 ரூபாய் பில். பத்து நாளில் திரும்பி வந்தார். அதே 14. அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "சார், இது எந்தத் தேதியிலிருந்து?" அவர் பாக்கெட் நோட்டை எடுத்துப் பார்த்து, வெளியூரில் வண்டி சூடாகி ஒரு இடத்தில் வேலைக்கு விட்டு எடுத்ததற்கு அடுத்த டேங்க்கிலிருந்து என்றார்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிகிற அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி கயத்தாறு வரை ஓட்டினோம். சூடு ஏறிய இன்ஜினில், அதைக் குளிர்விக்கிற கூலன்ட் 85 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். அதில் 62ஐத் தாண்டவில்லை. சிக்னலில் நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே, இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கிற தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. "எடுத்துவிட்டால் இனிமேல் சூடாகாது" என்று யாரோ எடுத்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. இன்ஜின் தன் சூட்டுக்கு வரவில்லை என்றால், இன்ஜினுக்குப் பெட்ரோல் அளந்து கொடுக்கிற கம்ப்யூட்டரான இசியு அதைக் காலையில் இப்போதுதான் ஸ்டார்ட் செய்த வண்டியாகவே நினைத்துக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். ஆயிலும் இளகாது, அதனால் உள் உராய்வும் கூடும். டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற ஒரு வால்வு போட்டோம், வண்டி பழைய கணக்குக்கு வந்தது. சாரிடம் வாங்கிய 3,400ஐத் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பணம் போனதில் வருத்தமில்லை. பத்து நாள் அவரை அலையவிட்டதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் தேதி கேட்கிறோம். மெல்ல மெல்லக் குறைகிற மைலேஜ் வேறு, ஒரே டேங்க்கில் விழுகிற மைலேஜ் வேறு. திடீரென்று விழுந்திருந்தால் பெரும்பாலும் அதற்கு முன்னால் ஏதோ ஒன்று நடந்திருக்கும். டயர் மாற்றியிருப்பீர்கள், பிரேக் வேலை பார்த்திருப்பீர்கள், ஆயில் வேறு கிரேடு ஊற்றியிருப்பார்கள், அல்லது பிள்ளையின் பள்ளி மாறி தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டமாக ஆகியிருக்கும். இன்ஜின் சூடாவதற்குள் அணைக்கிற வண்டி எந்தக் காலத்திலும் நல்ல மைலேஜ் தராது, அதற்கு மருந்தும் கிடையாது.

அடுத்தது அளவு. டாஷ்போர்டில் காட்டுகிற எண் ஒரு மதிப்பீடுதான், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரே பங்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்புங்கள். 250, 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். இரண்டு டேங்க்குக்கு இப்படிச் செய்தால் போதும். கட் ஆன பிறகு "ரவுண்டாப் போடுங்க" என்று சொல்லாதீர்கள். கணக்கு கெடுவதோடு, வழிகிற பெட்ரோல், டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டருக்குள் போய் அதுவே ஒரு கோளாறாகிவிடும். அளவில் சந்தேகம் இருந்தால் பங்கில் ஐந்து லிட்டர் அளவுக் கேன் வைத்திருப்பார்கள், கேட்டு அளக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லி முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது.

ஆனி ஆடியில் தென்காசி ரோட்டில் மேற்கே போகிறவர்கள் போகும் கணக்கை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதிர்காற்று கையைக் கடித்துவிடும். போக, வர இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

சரி, இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்? இப்போது எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் குறையத்தான் செய்யும், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பத்து சதவீதக் கலப்பிலிருந்து இருபதுக்குப் போனால் கணக்குப்படி மூன்று சதவீதம் போகும். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10க்கு ஏற்ப டியூன் செய்த கார்களில் இ20 போட்டால் 6, 7 சதவீதம் குறையும் என்று 2021இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. அதையே வைத்துக்கொண்டாலும் 18 கொடுத்த வண்டி 16.7க்கு வரும். 13க்கு வந்தால் மிச்சத்தை வேறு ஏதோ ஒன்று குடிக்கிறது. எல்லாம் எத்தனால்தான் என்று விட்டுவிட்டால் அந்த வேறொன்று அப்படியே வளரும். இ20க்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கிய 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஹோஸ், சீல்களை மட்டும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வேறொன்று பெரும்பாலும் பிரேக்தான். பிரேக் பேடை அழுத்துகிற காலிப்பரின் பின்னில் கிரீஸ் காய்ந்து பிடித்துக்கொள்ளும், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் முழுதாக விடாது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நாலு வீல் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் காரணம் அங்கேதான். இப்படி வருகிற வண்டியில் மைலேஜைவிடப் பிரேக்கைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன், அதை ஓட்டிக்கொண்டு திரியாதீர்கள்.

டயர் விஷயத்தில் காற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவைப் பாருங்கள், அவ்வளவுதான். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 போட்டால் டயர் சுற்றளவு இரண்டு சதவீதம் கூடும். நீங்கள் 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 98 என்றுதான் எழுதும். மைலேஜ் குறைந்த மாதிரித் தெரிவதில் ஒரு பங்கு, மீட்டர் எழுதாமல் விட்ட தூரம்.

ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இப்போதைய பெட்ரோல் வண்டிகளில் உள்ளே போகிற காற்றுக்கு ஏற்பவே இசியு பெட்ரோல் கொடுக்கிறது. அடைத்த ஃபில்டரால் பிக்கப் குறையும், மைலேஜ் அவ்வளவாகப் போகாது. மாற்றுங்கள், இன்ஜினுக்கு நல்லது, ஆனால் மைலேஜுக்காக என்று யாராவது பில் போட்டால் கேளுங்கள்.

புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கிற ஆக்சிஜன் சென்சாருக்கும் இதையே சொல்வேன். ஸ்கேனரில் அதன் பெயரில் பழுதுக் கோட் வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு முன்னால், புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் "காற்று அதிகம்" என்று உண்மையைத்தான் சொல்லும், இசியு அதைக் கேட்டு பெட்ரோலைக் கூட்டும். புது சென்சார் போட்டாலும் அதையேதான் சொல்லும். லீக்கைப் பார்க்காமல் இனி நாங்கள் சென்சார் மாற்ற மாட்டோம்.

வரும்போது இரண்டு டேங்க் கணக்கும், கடைசி ஆறு மாத பில்களும், வேறு இடத்தில் பார்த்த வேலையாக இருந்தாலும், கொண்டுவாருங்கள். யாரையும் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. முடிந்தால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள், காலையில் குளிர்ந்த இன்ஜினிலிருந்து ஸ்கேனர் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்த்து அளக்கிற வேலைக்கு 500 ரூபாய் வாங்குவோம். பழுது கிடைத்து இங்கேயே சரிசெய்தால் பில்லில் அதைக் கழித்துவிடுவோம். எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதியே தருவோம்.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப்,
திருநெல்வேலி