பெயருக்குக் கீழே செய்தியையும் எழுதுங்கள்

முள்ளியவளை

அன்பு மகன்,

நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலையும் பெயர்ப் பட்டியலையும் வாசித்தேன். உலக ஊடக சுதந்திர தினமான மே 3ஆம் திகதியன்று, உயிரச்சுறுத்தலுக்கு நடுவிலும் எழுதியவர்களுக்கு மதிப்பளிக்க உங்கள் பழைய மாணவர் சங்கம் எண்ணியிருப்பது நல்ல காரியம். நீ என் கருத்தைக் கேட்டிருப்பதால், பட்டியலைப் பற்றி எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பட்டியலில் பதினாறு பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு பட்டமும் பின்னால் ஒரு மரணத் திகதியும் இருக்கின்றன. அவர் எந்தச் செய்தியை எழுதியதற்காகக் கொல்லப்பட்டார் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. லண்டனில் பிறந்து வளர்ந்த உன் பிள்ளைகள் அந்த மண்டபத்தில் இருந்து இந்தப் பெயர்களைக் கேட்டால், யாரோ சிலர் எதற்கோ இறந்துபோனார்கள் என்பதற்கு மேல் என்ன விளங்கிக்கொள்வார்கள்?

மயில்வாகனம் நிமலராஜனை எடுத்துக்கொள். பற்றறி கிடைக்காத தடைக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் நாங்கள் வானொலியில் பிபிசியின் தமிழ் சேவையான தமிழோசை கேட்டது உனக்குச் சற்றேனும் ஞாபகம் இருக்கும். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும் என்பதால் அயல் வீட்டுப் பெடியன்கள் முறை வைத்துச் சுற்றுவார்கள். யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கிறது என்பதை வன்னியில் அடைபட்டிருந்த எங்களுக்கு அறியத்தந்தவர்களில் நிமலராஜனும் ஒருவர். 2000ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தீவுப் பகுதிகளில் நடந்த வாக்கு மோசடிகளையும் வன்முறைகளையும் அவர் வெளிக்கொண்டுவந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி, ஊரடங்கு அமுலில் இருந்த இரவில், அவர் எழுதிக்கொண்டிருந்த அறையின் ஜன்னலூடாகச் சுட்டு, வீட்டுக்குள் கைக்குண்டையும் வீசிவிட்டுப் போனார்கள். தமிழோசைக்கு மட்டுமன்றிப் பிபிசியின் சிங்கள சேவைக்கும் அவர் செய்தி அனுப்பினார் என்பதையும் சேர்த்துக்கொள். யாழ்ப்பாணத்தின் நிலைமையைத் தென்னிலங்கைச் சிங்கள மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே சொன்னவர்கள் மிகச் சிலர்.

திருகோணமலைச் சுகிர்தராஜன் சொல்லாலன்றிப் படத்தால் பேசியவர். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்புச் சொன்னது. சுகிர்தராஜன் எடுத்து சுடர் ஒளி பத்திரிகையில் வெளியான படங்களில் அந்தப் பிள்ளைகளின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போவதற்குப் பேருந்துக்காகக் காத்து நின்ற இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய படத்துக்குப் பூமாலை போடுவதைவிட, அவர் எடுத்த படங்கள் எதைப் பொய்யாக்கின என்று இரண்டு வசனம் எழுதி வைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம்.

உங்கள் பட்டியலில் சிங்களவர் ஒருவர்கூட இல்லை என்பதையும் கவனித்தேன். சண்டே லீடர் பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்டார். போர் விமானக் கொள்வனவில் நடந்த ஊழலை அவருடைய பத்திரிகை எழுதியிருந்தது. பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டார். அவருடைய மனைவி சந்தியா அன்றிலிருந்து நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வெயிலில் குந்தியிருப்பதைக் கண்ணால் கண்ட எனக்கு, அந்தப் பெண்ணை வேறாக எண்ண முடியவில்லை. இந்த மரணங்கள் பலவும் ஜனவரியில் நிகழ்ந்ததால் நாட்டில் அம்மாதத்தைக் கறுப்பு ஜனவரி என்று நினைவுகூருகிறார்கள். உங்கள் விழாவை ஜனவரிக்கு மாற்றலாமா என்றும் யோசியுங்கள். குளிர் என்று சொல்லிச் சனம் வராது என்பீர்கள், அதுவும் உண்மைதான்.

வன்னிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்ட பின்னர், எங்களுக்கு நடந்ததைப் பார்க்க வெளியார் மிகச் சிலரே இருந்தார்கள். உள்ளே இருந்தபடி புலம்பெயர் வானொலிகளுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்த புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரி 12ஆம் திகதி தேவிபுரத்தில் எறிகணை வீச்சில் இறந்தார். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்திலும் இங்கே எல்லாவற்றையும் எழுதிவிட முடிந்ததில்லை என்பதை நாங்களும் மறைக்கக் கூடாது. செய்தியாளர்கள் சுதந்திரமாக வந்துபோகும் நிலம் ஒன்று எங்களுக்கு நீண்டகாலம் வாய்க்கவில்லை.

மேரி கொல்வினையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். லண்டனில் வெளியாகும் சண்டே ரைம்ஸ் பத்திரிகைக்காக 2001 ஏப்ரலில் தடையை மீறி வன்னிக்குள் வந்து, மருந்தும் உணவும் மறிக்கப்பட்ட சனத்தின் நிலைமையைப் பார்த்தவர் அவர். திரும்பிப் போகையில் வவுனியாப் பக்க முன்னரங்கைக் கடக்கும்போது, தான் பத்திரிகையாளர் என்று குரல் கொடுத்தும் தாக்குதலுக்குள்ளாகி இடது கண்ணின் பார்வையை இழந்தார். அந்த நிலையிலும் கட்டுரையை எழுதி முடித்து அனுப்பினார். 2012 பெப்ரவரி 22ஆம் திகதி சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்படும் வரை கறுப்புக் கண்மறைப்போடு போர்முனைகளுக்குப் போய்வந்தார். உங்கள் நகரத்துப் பத்திரிகைக்காரி எங்கள் காட்டுக்கு வந்து கண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய பெயரை நீங்கள் மறந்தது எனக்குச் சற்று வருத்தமே.

இனி உயிரோடு இருப்பவர்கள். இங்கேதான் உங்கள் பட்டியல் மிகவும் குறைபடுகிறது. 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்புப் பகுதியில் சட்டவிரோத மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன கணபதிப்பிள்ளை குமணனும் சண்முகம் தவசீலனும் கடத்தல்காரர்களால் தாக்கப்பட்டார்கள். காடு வெட்டப்படுவதை இந்த ஊரில் அறியாதவர் எவருமில்லை. அறிந்துகொண்டு நாங்கள் எங்கள் பாட்டைப் பார்த்திருக்க, கமெராவோடு போனவர்கள் அவர்கள். 2021 நவம்பர் 27ஆம் திகதி விஸ்வலிங்கம் விஸ்வச்சந்திரன் முள்ளிவாய்க்கால் ஊர்ப் பெயர்ப் பலகையைப் படமெடுத்தபோது, படையினர் பனைமட்டையில் முட்கம்பி சுற்றி அவரை அடித்தார்கள். பனைமட்டையை வேலிக்கு வரிந்து கட்டிய கை எனது. அதன் கருக்கு மட்டுமே போதும் தோலைக் கிழிக்க, அதன்மேல் முட்கம்பியையும் சுற்ற ஒருவருக்கு எவ்வளவு ஆறுதலான நேரம் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப்பார். 2025 ஓகஸ்டிலும் குமணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் அளம்பிலுக்கு அழைத்து விசாரித்தார்கள்.

இவர்களைப் போன்ற பிரதேச நிருபர்களுக்குப் பத்திரிகைகள் கொடுக்கும் சிறு தொகை மோட்டார் சைக்கிளின் பெற்றோலுக்கே காணாது. பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஒதுக்கியிருக்கும் காசில் பாதியையாவது உடைந்த கமெராவை மாற்றவும், வழக்குக்குச் சட்டத்தரணி வைக்கவும், மருத்துவச் செலவுக்கும் உதவும் ஒரு நிதியாக மாற்றச் சொல். ஆனால் இங்கே உள்ள எவருடைய பெயரையும் அவரிடம் கேட்காமல் மேடையில் சொல்லாதேயுங்கள். வெளிநாட்டுக் காசு வந்தது என்று ஒரு வரி போதும், அவரை அடுத்த விசாரணைக்கு அழைப்பதற்கு.

இன்னொன்று உன்னால் மட்டுமே அங்கே செய்யக்கூடியது. நிமலராஜன் வழக்கில் இங்கே சந்தேகநபர்கள் 2021இல் விடுவிக்கப்பட்டார்கள். 2022 பெப்ரவரியில் லண்டன் பெருநகரப் பொலிஸ் அதே கொலை தொடர்பாக ஒருவரைக் கைது செய்து, தகவல் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் கடை வைத்திருப்பவர்களும் ஓய்வில் இருப்பவர்களும் உங்கள் விழாவுக்கு வருவார்கள். அவர்களிடம் அந்த வேண்டுகோளைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். நடனமும் இராப்போசனமும் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

பட்டியலைத் திருத்தியதும் அச்சுக்குக் கொடுக்க முதல் எனக்கு அனுப்பு. ஐயாத்துரை நடேசனுடைய பெயரிலும் தேவகுமாருடைய பெயரிலும் எழுத்துப் பிழை இருக்கிறது. மற்றவற்றையும் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா